நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குப் பிறகு...

சென்னையையும் திருச்சிராப்பள்ளியையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் பாடாலூர் ஓர் எல்லைக்கல் போன்ற ஊர். நாற்கரச் சாலை அமைக்கப்பட்டபோது உளுந்தூர்ப்பேட்டை முதல் பாடாலூர் வரை ஒரு பகுதியாகவும், பாடாலூர் முதல் திருச்சி வரை மற்றொரு பகுதியாகவும் பிரித்தே பணிகள் நடைபெற்றன. ஜல்லி ஏற்றிய லாரிகளும், அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு லாரிகளும், இரவெல்லாம் ஓடும் விரைவுப் பேருந்துகளும் கடந்து செல்லும் இச்சாலையின் ஓரத்தில் வாழ்பவர்களுக்கு ஓர் ஓசை நன்கு பழக்கமானது. சக்கரங்கள் தார்ச்சாலையைத் தேய்த்து அலறும் ஓசை. அதையடுத்து ஒரு நொடி மௌனம். பிறகு இரும்பும் இரும்பும் மோதும் பேரோசை!

அவ்வோசை கேட்ட மாத்திரத்தில் நம் மக்கள் ஓடுகிறார்கள். சாதி, சமயம் பார்ப்பதில்லை. 108 ஆம்புலன்ஸ் வருகிறது. 2021 டிசம்பர் 18 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவருக்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கான அவசர சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. பாராட்டப்பட வேண்டிய திட்டம். ஏனெனில் தேவை அத்துணைப் பெரிது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டில் நாட்டிலேயே அதிகமான விபத்துகள் பதிவான மாநிலம் நம் தமிழகம்தான்: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள்.

இறந்தோர் கணக்கு இது. பிழைத்தோர் கணக்கு என்ன? எலும்பு கூடிவிட்டது, தையல் பிரித்தாயிற்று, ‘அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது’ என்று வீடு திரும்பியவரின் உள்ளத்தில் பட்ட காயத்தை யார் எண்ணுகிறார்கள்? உடலின் காயத்துக்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரம் முக்கியம். மனத்தின் காயமோ பெரும்பாலும் அந்த நாற்பத்தெட்டு மணி நேரம் கழிந்து, விசாரிக்க வந்தவர்களெல்லாம் போன பிறகுதான் தன் முகத்தைக் காட்டுகிறது!

மனவடு என்னும் நோய்

ஒரு லாரி ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். விபத்து நடந்து மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. கால் எலும்பு கூடிவிட்டது. ஆயினும் அவர் இரவில் உறங்குவதில்லை. கண் அயர்ந்தால் அதே வளைவு, அதே விளக்கு வெளிச்சம், அதே அலறல். தெருவில் யாரோ இரும்புக் கதவைச் சாத்தினால் உடல் தூக்கிவாரிப் போடுகிறது. டீசல் வாடை பட்டால் நெஞ்சு படபடக்கிறது. நெடுஞ்சாலையைத் தவிர்த்து ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறார். முன்பு பிள்ளைகளுடன் சிரித்துப் பேசியவர், இப்போது சிறு சத்தத்துக்கும் சீறி விழுகிறார். தொழில் போயிற்று. வீட்டில் அடுப்பெரிவது கடினமாயிற்று. ‘சோம்பேறியாகிவிட்டார்’ என்கிறது ஊர். ‘ஏதோ காற்றுச் சேட்டை’ என்கிறது உறவு.

மருத்துவ உலகம் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. முதல் உலகப் போரின்போது குண்டு வெடிப்புகளுக்கு நடுவே நின்ற படைவீரர்களிடம் இதைக் கண்ட மருத்துவர்கள் ‘குண்டு அதிர்ச்சி’ என்றனர். வியட்நாம் போருக்குப் பின்னர், 1980-ஆம் ஆண்டில், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனது நோய்ப் பட்டியலில் இதற்குத் தனியிடம் தந்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று இதனைத் தமிழில் சொல்லலாம். போரின் கொடுமையை நேரில் கண்ட யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்கள் ‘மனவடு’ என்னும் அழகிய சொல்லைப் புழங்கினார்கள்.

இந்நோயின் அடையாளங்கள் நான்கு வகைப்படும். நடந்தது மீண்டும் மீண்டும் கனவாகவும் காட்சியாகவும் வந்து தாக்குதல். அதை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் விட்டு விலகி ஓடுதல். குற்றவுணர்வும் வெறுமையும் மனத்தைக் கவ்வுதல். எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்து உடல் விழிப்பாகவே இருத்தல். விபத்து நடந்த சில நாட்கள் இவையனைத்தும் எவருக்கும் வரக்கூடியவையே. பெரும்பாலோருக்குத் தாமாகவே தணிந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் தணியாமல் வாழ்க்கையை முடக்கினால்தான் அது நோய் எனப்படுகிறது.

நம் மூளைக்குள் வாதுமைக் கொட்டை அளவில் ‘அமிக்டலா’ என்றொரு பகுதி உண்டு. ஆபத்தை அறிவிக்கும் காவற்காரன் அது. ‘இது பழைய நினைவு, இப்போது ஆபத்தில்லை’ என்று அக்காவற்காரனை அமைதிப்படுத்துவது நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி. பேரதிர்ச்சிக்கு ஆளானவரிடம் காவற்காரன் ஓயாமல் கூவுகிறான். அடக்க வேண்டியவனின் குரலோ எடுபடுவதில்லை. பாடாலூருக்குக் கிழக்கே காரைப் பகுதியில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்ததன் அடையாளமாகக் கடல்வாழ் உயிர்களின் கல்படிவங்கள் இன்றும் கிடைக்கின்றன. கடல் போய்விட்டது, அதன் தடம் போகவில்லை. மனவடுவும் அத்தகையதே.

ஈமானில் குறைவா?

‘தொழுகையாளிக்கு இப்படி வருமா? ஸப்ரு இல்லாததால்தானே இது?’ என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. பாதிக்கப்பட்டவரின் வாயை முதலில் அடைப்பது இந்தக் கேள்விதான். ஆகவே இதற்கு விடை காண்பது அவசியம்.

திருக்குர்ஆனின் யூஸுஃப் அத்தியாயத்தை ஓதியவர்கள் அறிவர். மகனைப் பிரிந்த நபி யஃகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமையை மேற்கொண்டவர்கள். தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிட்டவர்கள். அதே அத்தியாயம்தான் துக்கத்தின் மிகுதியால் அவர்களுடைய கண்கள் வெளுத்துப்போயின என்றும் கூறுகிறது. பொறுமையும் இருந்தது; கண்ணும் வெளுத்தது. ஒரு நபியின் உடலே துயரத்தின் சுமையைத் தாங்கியது என்றால், நம் போன்ற எளிய மனிதர்களின் நரம்புகள் தளர்வது ஈமானின் குறைவாகுமா?

உஹதுப் போரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்றவர் வஹ்ஷீ. பிற்காலத்தில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார்; அவரது இஸ்லாம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆயினும், தம் பார்வையில் படாதிருக்க முடியுமா என்று அண்ணலார் (ஸல்) அவரிடம் கேட்டதாக நபிமொழித் தொகுப்புகள் தெரிவிக்கின்றன. இதை நோய் என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது, சொல்லவும் கூடாது. ஆனால் இதில் நமக்கொரு படிப்பினை உண்டு. மன்னிப்பது வேறு; கண் முன்னே காணும்போது எழும் வேதனை வேறு. பின்னதை எவர் மீதும் குற்றமாகச் சுமத்த முடியாது.

இஸ்லாமிய மருத்துவ மரபும் மனத்தைப் புறக்கணித்ததில்லை. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பல்கு நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். அச்சம், கோபம், துக்கம், ஓயாத ஐயம் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்து, உடலுக்குப் போன்றே உள்ளத்துக்கும் பேணலும் சிகிச்சையும் தேவை என்று அவர் வாதிட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் எழுதியதை நாம் மறந்தோம்.

மறந்ததன் விலை என்ன என்பதை 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடி காட்டியது. மனநலம் குன்றியவர்களைத் தங்க வைத்திருந்த தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினர். இருபத்தெட்டு உயிர்கள் பறிபோயின. அதன் பிறகே அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் தொடங்கிய ‘தவா – துஆ’, அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்னும் முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. துஆவுக்கு வருபவர் அங்கேயே மருத்துவரையும் காணலாம். ஜின்கள் இருப்பதை நம்புவது நம் கொள்கை. ஆனால் இரவில் அலறி எழும் ஒவ்வொருவரையும் ஜின் பிடித்தவர் என்று முடிவு கட்டுவது கொள்கையன்று, அவசரம். நோய்க்கு மருந்து தேடுமாறு வலியுறுத்திய மார்க்கம் நம்முடையது.

மூளை அலைப் பயிற்சி என்றால் என்ன?

மனவடுவுக்குப் புதிய சிகிச்சை என்று அண்மைக் காலமாகப் பெரிதும் பேசப்படுவது ‘நியூரோஃபீட்பேக்’. மூளை அலைப் பின்னூட்டப் பயிற்சி என்று இதைச் சொல்லலாம். பெருநகரங்களில் இதற்கெனத் தனியார் நிலையங்கள் இயங்குகின்றன. ‘மருந்தே வேண்டாம், மூளையையே மாற்றிவிடலாம்’ என்ற விளம்பரங்களும் வருகின்றன. எனவே இதன் உண்மை என்ன, எல்லை என்ன என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

மூளையின் நரம்பணுக்கள் மிக நுண்ணிய மின்னசைவுகளால் ஒன்றோடொன்று பேசுகின்றன. ஜெர்மனியின் யேனா நகரைச் சேர்ந்த மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதத் தலையின் மீது மின்முனைகளை வைத்து இவ்வசைவுகளை முதன்முதலாகப் பதிவு செய்தார், 1929-இல் வெளியிட்டார். ஆழ்ந்த உறக்கத்தில் அலைகள் மெதுவாக, நொடிக்கு நான்குக்கும் குறைவாக எழும். கண்ணை மூடி அமைதியாக இருக்கையில் நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை எழுவது ‘ஆல்ஃபா’ அலை. சுறுசுறுப்பாகச் சிந்திக்கையில் அதைவிட விரைவான ‘பீட்டா’ அலைகள் மிகும்.

இந்த அலைகளை மனிதன் தானே மாற்றிக்கொள்ள முடியுமா? சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜோ காமியா என்னும் உளவியலாளர் 1950-களின் இறுதியில் இதை ஆராயத் தொடங்கி, ஆல்ஃபா அலை எழும் வேளையை மனிதர்கள் உணரக் கற்க முடியும் என்று கண்டார். 1960-களில் கலிஃபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் என்பவர் பூனைகளுக்கு ஒரு குறிப்பிட்ட மூளை அலை எழும்போதெல்லாம் பாலும் கோழிச் சாறும் கொடுத்துப் பழக்கினார். பின்னர் ராக்கெட் எரிபொருளின் நச்சுத் தன்மையை வேறோர் ஆய்வில் சோதித்தபோது, அப்பயிற்சி பெற்ற பூனைகளுக்கு மட்டும் வலிப்பு எளிதில் வராததைக் கண்டு வியந்தார். வலிப்பு நோயாளிகளுக்கு இதே பயிற்சியை அளித்த முதல் முயற்சி 1972-இல் வெளியாயிற்று.

இதன் செய்முறை நம் மதரஸாப் பிள்ளைகளுக்குக் கூடப் புரியும். குர்ஆன் ஓதக் கற்கும் பிள்ளைக்குத் தன் உச்சரிப்புப் பிழை தன் காதில் விழுவதில்லை. ‘ஹா’ எங்கே பிறக்க வேண்டும், ‘ஐன்’ எங்கே பிறக்க வேண்டும் என்று உஸ்தாது சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. பிழை நேர்ந்த அந்த நொடியிலேயே ஒரு சைகை செய்கிறார். பிள்ளை திருத்துகிறது. சரியாக வந்ததும் உஸ்தாதின் முகம் மலர்கிறது. இப்படி நூறு முறை நடந்த பின் சைகை தேவையின்றியே மக்ரஜ் சரியாக வருகிறது. பிள்ளையின் நாவை உஸ்தாது கையால் பிடித்துத் திருப்புவதில்லை. நா தானே கற்கிறது.

நியூரோஃபீட்பேக்கும் இதுவே. பசை தடவிய சிறு மின்முனைகளைத் தலையில் ஒட்டுகிறார்கள். அவை மூளைக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதில்லை. மூளையிலிருந்து வருவதைப் பதிவு மட்டுமே செய்கின்றன. எதிரே ஒரு கணினித் திரை. விரும்பிய அலை மிகும்போது திரையில் ஓடும் படம் தெளிகிறது அல்லது இனிய ஒலி கேட்கிறது. பதற்ற அலை மிகும்போது படம் மங்குகிறது. ‘எப்படிச் செய்ய வேண்டும்’ என்று யாரும் சொல்ல முடியாது. மூளை தட்டுத் தடுமாறித் தானே வழியைக் கண்டுகொள்கிறது. ஓர் அமர்வு ஏறத்தாழ அரை மணி நேரம். இருபது, முப்பது அமர்வுகள் வரை தேவைப்படலாம். சிலருக்குத் தலைவலி, அயர்வு, எரிச்சல் தோன்றுவதுண்டு. நடந்த கொடுமையை வாய்விட்டுச் சொல்ல இயலாதவர்களுக்கு, பேசாமலேயே பெறக்கூடிய சிகிச்சை என்பதே இதன்பால் பலரை ஈர்க்கும் சிறப்பு.

ஆய்வுகள் சொல்வது என்ன?

1991-இல் அமெரிக்காவில் யூஜின் பெனிஸ்டன், பால் குல்கோஸ்கி ஆகிய இருவர், மனவடுவால் துன்புற்ற வியட்நாம் போர் வீரர்கள் 29 பேரிடம் செய்த ஆய்வை வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 14 பேருக்கும் முப்பது மாதங்களுக்குள் நோய் திரும்பியது. மூளை அலைப் பயிற்சி பெற்ற 15 பேரில் மூவருக்கே திரும்பியது. உலகம் வியந்தது. ஆனால் ஆய்வு மிகச் சிறியது. இத்தனை பெரிய பலனைப் பின்வந்தோரால் எளிதில் காட்ட இயலவில்லை.

2016-இல் பெஸல் வான் டெர் கோல்க் என்னும் புகழ்பெற்ற மருத்துவரின் குழு, பிற சிகிச்சைகளால் குணமாகாத 52 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு இருபத்து நான்கு அமர்வுகள். மறு பிரிவு காத்திருந்தது. இறுதியில், பயிற்சி பெற்றோரில் நான்கில் ஒரு பங்கினரிடமே ஏறத்தாழ நோய் எஞ்சியிருந்தது. காத்திருந்தோரில் மூன்றில் இரு பங்கினரிடம் எஞ்சியிருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆயினும் ஒப்பிடப்பட்டது பயிற்சிக்கும் ‘ஒன்றுமே செய்யாமைக்கும்’ இடையே என்பதை மறக்கலாகாது. பரிவோடு நடத்தும் ஒருவரிடம் வாரம் இருமுறை போய் வருவதே பாதி மருந்து அல்லவா? அலையால் வந்த பலன் எவ்வளவு, அக்கறையால் வந்த பலன் எவ்வளவு என்று பிரித்தறிவது இத்துறையின் பெருஞ்சிக்கல்.

2023-இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அமிக்டலாவின் கொந்தளிப்பைத் தணிக்கப் பழக்கும் ‘பிரிசம்’ என்னும் கருவியைப் பிற சிகிச்சைகளுடன் ‘துணையாக’ப் பயன்படுத்த அனுமதி அளித்தது. அதே ஆண்டில் அந்நாட்டுப் படைவீரர் நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி, நியூரோஃபீட்பேக்கைப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்றது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இது ஏமாற்று வேலையன்று. ஆனால் நிலைநாட்டப்பட்ட முதல் சிகிச்சையும் அன்று.

நம் நாட்டில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மருத்துவ உளவியல் துறையில், முனைவர் ஜமுனா ராஜேஸ்வரன் உள்ளிட்டோர் தலைக்காயமுற்றவர்களுக்கு இப்பயிற்சியை அளித்து ஆய்வுகள் வெளியிட்டுள்ளனர். கவனமும் நினைவாற்றலும் வாழ்க்கைத் தரமும் மேம்படுவதை அவர்கள் கண்டனர். சாலை விபத்தில் தலைக்காயமும் மனவடுவும் ஒருவருக்கே ஒருசேர வருவது உண்டு என்பதால், நெடுஞ்சாலை ஓரத்து மக்களாகிய நமக்கு இந்த ஆய்வுகள் நெருக்கமானவை.

மூன்று சகோதரிகளின் நகையை அடகு வைத்து ஒருவருக்குப் பயிற்சி அளிக்கலாமா என்பதே நம் குடும்பங்களில் எழும் கேள்வி. பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். மனநல மருத்துவர் நோயைக் கண்டறிந்து உறுதி செய்தாரா? பயிற்சி அளிப்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா, அல்லது கருவி விற்றவரிடம் சில நாள் பழகியவரா? அமர்வுகள் எத்தனை, மொத்தச் செலவு எவ்வளவு என்று எழுத்தில் தருகிறார்களா? உண்டு வரும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா? ‘நூற்றுக்கு நூறு குணம்’ என்கிறார்களா? கடைசி இரண்டுக்கும் ‘ஆம்’ என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பெண்களாயின் பெண் சிகிச்சையாளரைக் கேட்கலாம். கிடைக்காதபோது தேவையின் அளவுக்கு மார்க்கச் சட்டத்தில் இடமுண்டு. தலையில் தடவும் பசை நீரில் கழுவினால் போய்விடும். அதைக் கழுவிய பின் ஒளூச் செய்துகொள்ளலாம்.

செலவில்லாத வழிகள்

உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட நெறிமுறைகள், மனவடுவுக்குப் பேச்சு வழிச் சிகிச்சையையும், கண்ணசைவைக் கொண்டு நினைவின் கூர்மையைத் தணிக்கும் சிகிச்சையையுமே பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கின்றன. பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு, நடந்ததைத் தொடக்கம் முதல் முடிவு வரை வரிசையாகச் சொல்லிச் சொல்லி, ‘இது நடந்து முடிந்த ஒன்று’ என்று மனத்துக்கு உணர்த்துவதே இதன் அடிப்படை. அதே நெறிமுறைகள் மற்றோர் எச்சரிக்கையும் விடுக்கின்றன. அதிர்ச்சி நேர்ந்த முதல் மாதத்தில், அதற்காகவென்று ‘பென்சோடயாஸெபைன்’ வகையைச் சேர்ந்த அமைதி மாத்திரைகளைக் கொடுக்கலாகாது என்பதே அது. மருந்துக் கடையில் ‘தூக்க மாத்திரை’ கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதால் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலங்கையின் வடகிழக்கு நமக்குக் கற்றுத்தரும் பாடம் பெரிது. 1990 அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் ஆயுதமுனையில் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் சில மணி நேரமே அவகாசம் தரப்பட்டது. கையில் கிடைத்ததோடு புத்தளத்து அகதி முகாம்களில் தஞ்சமடைந்த அவர்களும், போரில் அனைத்தையும் இழந்த தமிழ் மக்களும், 2004 டிசம்பர் 26 அன்று கடலுக்கு உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் சுமந்த வடு ஒன்றே. பேரலைக்குப் பின் அப்பகுதிக் குழந்தைகள் 31 பேரை ஜெர்மானிய ஆய்வாளர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் தம் கதையைச் சொல்லும் சிகிச்சையும், மறு பிரிவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். ஆறே அமர்வுகள்! அளித்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது முதல் பிரிவில் 81 விழுக்காட்டினரும், இரண்டாம் பிரிவில் 71 விழுக்காட்டினரும் நலமடைந்திருந்தனர். 2009-இல் வெளியான இந்த ஆய்வும் சிறியதே. ஆயினும் கணினியில்லை, மின்முனையில்லை, விமானத்தில் வந்த மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற பரிவு மட்டுமே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

‘திக்ரு செய்தாலே ஆல்ஃபா அலை வந்துவிடுமே, பிறகென்ன சிகிச்சை?’ என்று சிலர் கேட்கலாம். திக்ரு இறைவனை நினைவுகூர்வதற்காக. அலையை மாற்றுவதற்காக அன்று. அதில் உள்ளம் அமைதி பெறுவது அவனது அருட்கொடை. அந்த அமைதி சிகிச்சைக்குத் துணை நிற்கும். சிகிச்சையை வேண்டாமென்று தள்ளுவதற்குக் காரணமாகாது. கால் முறிந்தவர் துஆவும் செய்கிறார், மாவுக்கட்டும் போட்டுக்கொள்கிறார் அல்லவா?

குடும்பமும் ஜமாஅத்தும்

முதன்முதல் வஹீ அருளப்பட்ட பின் நடுக்கத்தோடு இல்லம் திரும்பிய அண்ணலாரை (ஸல்) அன்னை கதீஜா (ரலி) அவர்கள் எவ்வாறு வரவேற்றார்கள்? கேள்விகளை அடுக்கவில்லை. முதலில் போர்த்தினார்கள். நடுக்கம் தணிந்தபின் அவர்கள் சொன்னதைக் கேட்டார்கள். அவர்களுடைய நற்குணங்களை எடுத்துச் சொல்லித் தேற்றினார்கள். பின்னர் விவரமறிந்த வரகாவிடம் அழைத்துச் சென்றார்கள். நபித்துவத்தின் அந்த மகத்தான நிகழ்ச்சி ஒப்பற்றது. எந்த நோயோடும் அதை ஒப்பிடலாகாது. ஆனால் நடுங்கி நிற்பவரை எவ்வாறு ஆதரிப்பது என்பதற்கு அன்னையாரின் வரிசை முறையைவிடச் சிறந்த பாடம் உண்டா?

நாம் செய்வதோ நேர்மாறு. விபத்துக்குள்ளானவர் வீட்டுக்கு வந்த அன்றே கூட்டமாகப் போகிறோம். ‘எப்படி நடந்தது? யார் மேல் தப்பு? ரத்தம் நிறையப் போயிற்றா?’ என்று வந்தவரெல்லாம் கேட்கிறோம். பயிற்சி பெற்றவரிடம் நிதானமாகச் சொல்வது மருந்து. வேடிக்கை கேட்போரிடம் நாளைக்குப் பத்து முறை சொல்வது புண்ணைக் கிளறுவது. நோயாளியை விசாரிப்பது சுன்னத்துதான். நடந்ததைத் தோண்டுவது சுன்னத்தன்று. ‘என்ன வேண்டும்? கடைக்குப் போக வேண்டுமா? பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வரவா?’ என்று கேட்டால் போதும். அவரே பேச முன்வந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

பிள்ளைகள் வாயால் சொல்ல மாட்டார்கள். நன்றாக ஓதிய பிள்ளை திடீரென ஸபக்கை மறக்கிறதா, படுக்கையில் சிறுநீர் கழிக்கிறதா, விபத்தையே மீண்டும் மீண்டும் விளையாடுகிறதா, தாயின் முந்தானையை விடாது பற்றிக்கொள்கிறதா என்பதை மக்தப் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். அப்பிள்ளைக்குத் தேவை பிரம்பன்று.

உதவிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே பெரம்பலூர் அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை பெறலாம். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மனஸ்’ சேவையின் 14416 என்னும் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மனநல சிகிச்சை பெறுவது குடிமக்களின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. உடல் நோய்க்குப் போன்றே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் கட்டளையிடுகிறது. மருத்துவக் காப்பீடு வைத்திருப்போர் இதைக் கேட்டுப் பெறலாம்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். விபத்தில் சிக்கியவர் குடும்பத்துக்கு அன்றே அரிசியும் பணமும் கொடுத்து உதவுகிறோம், மிக நன்று. அத்தோடு முடிக்காமல், விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு மாதம் கழித்து ஒருநாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இமாமோ, நிர்வாகிகளில் ஒருவரோ, பெண்களாயின் ஆலிமா ஒருவரோ அந்த வீட்டுக்குச் சென்று, ‘உறக்கம் வருகிறதா? வேலைக்குப் போக முடிகிறதா? கெட்ட கனவுகள் தொந்தரவு செய்கின்றனவா?’ என்று மூன்றே கேள்விகள் கேட்கட்டும். பதில் கவலை தருமாயின் பெரம்பலூருக்குப் பேருந்துக் கட்டணத்தை பைத்துல்மாலிலிருந்து கொடுத்து, கூட ஓர் ஆளையும் அனுப்பட்டும். பாடாலூரிலும் லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் நெடுஞ்சாலை ஓரத்து எல்லா ஊர்களிலும் இதைச் செய்ய முடியும். எந்தக் கருவியும் வேண்டாம். நாட்காட்டியில் ஒரு குறிப்பு போதும்.

பயணங்களில் பாதுகாப்பையும், சோதனைக்கு ஆளானோருக்கு உடல் நலத்தோடு உள்ள நலத்தையும், அவர்களைப் புரிந்துகொள்ளும் இதயத்தை நமக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.